சொல் பொறுக்கப் பழகுவோம்: செட்டிநாட்டுக்குப் புதிதாக வந்தவர்களுக்கு

காரைக்குடிக்கு வேலை மாற்றலாகி வந்த முதல் வாரம். வீட்டுக்காரரின் பேரன் வாசலில் வந்து நின்று, "ஆயா உங்களைக் கூப்பிடுறாங்க" என்றான். நான் கும்பகோணம் பக்கத்தில் வளர்ந்தவன். எங்களுக்கு அப்பாவின் அம்மா அப்பாயி, அம்மாவின் அம்மா அம்மாயி. ஆயா என்றால் பள்ளிக்கூடத்தில் சின்னப் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்கிறவர். வீட்டு வேலைக்கு இருப்பவர் ஏதோ சேதி சொல்லக் கூப்பிடுகிறார் என்று நினைத்துக்கொண்டு போனேன். உள்ளே எண்பதை நெருங்கிய வீட்டுக்கார அம்மாவே உட்கார்ந்து, எனக்காக ஒரு டம்ளர் காபியை ஆற்றிக்கொண்டிருந்தார். "வாங்க தம்பி, வீடு வசதிப்பட்டிருக்கா?" என்று கேட்டார்.

அன்று இரவே ஒரு நோட்டு வாங்கி முதல் பக்கத்தில் 'ஆயா' என்று எழுதினேன். 16 ஆண்டுகளில் அது ஐந்து நோட்டாகிவிட்டது. படிக்கவோ, வேலை பார்க்கவோ, வாழ்க்கைப்பட்டோ இந்தப் பக்கம் வருகிறவர்கள் பலர் என்னிடம், "இங்கே பேசுகிற சில சொற்கள் புரியவில்லை, ஆனால் கேட்க ஆசையாக இருக்கிறது" என்று சொல்வார்கள். அவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். மொழியியல் படித்திருக்க வேண்டியதில்லை. காதும் நோட்டும் பொறுமையும் இருந்தால் போதும். ஒரு சொல் எங்கிருந்து வந்தது என்று அறிய விரும்பினால், முதலில் அது எந்தப் பொருளை ஒட்டி, யார் வாயில் இருக்கிறது என்று பார்க்க வேண்டும். அகராதியைத் திறப்பது அப்புறம்.

முதலில் உறவுப் பெயர்கள்

இதிலிருந்து தொடங்கச் சொல்வதற்குக் காரணம், உங்களுக்கு உடனே தேவைப்படுவது இதுதான். நகரத்தார், அதாவது நாட்டுக்கோட்டைச் செட்டியார் வீடுகளில் அப்பா அப்பச்சி, அம்மா ஆத்தா, தாத்தா ஐயா, அப்பாவின் அம்மா அப்பத்தா, அம்மாவின் அம்மா ஆயா. அக்காவும் ஆச்சிதான், கல்யாணமான பெண்களை மரியாதையாகக் கூப்பிடுவதும் ஆச்சிதான். பள்ளத்தூரில் வளர்ந்த நடிகை மனோரமாவைத் தமிழ்நாடே ஆச்சி என்று கூப்பிட்டது இந்த மண்ணின் வழக்கம். திருநெல்வேலிப் பக்கத்துச் சைவ வீடுகளில் ஆச்சி என்றால் பாட்டி. கொங்கு நாட்டில் அப்புச்சி என்றால் அம்மாவின் அப்பா. அதனால் கோயம்புத்தூரிலிருந்து வருகிறவர் 'அப்பச்சி' என்று கேட்டதும் தாத்தாவைத் தேடுவார், வந்து நிற்பது தகப்பனாராக இருக்கும்.

முறை தெரியாத வரைக்கும் வயதில் மூத்த நகரத்தார் பெண்களை ஆச்சி என்றும், ஆண்களை அண்ணே என்றும், முதியவர்களை ஐயா என்றும் கூப்பிட்டால் தவறில்லை. ஒன்றை மட்டும் மறக்க வேண்டாம்: செட்டிநாட்டுப் பேச்சு என்பது நகரத்தார் வீட்டுப் பேச்சு மட்டும் அல்ல. அந்த வீடுகளைக் கட்டிய கொத்தனார்கள், நிலை செதுக்கிய ஆசாரிகள், கண்மாயை நம்பி உழுதவர்கள், ஓலை பின்னுகிறவர்கள், சந்தையில் கடை போடுகிறவர்கள் எல்லோருக்கும் தனித்தனிச் சொற்களஞ்சியம் உண்டு. ஒரே தெருவில் மூன்று விதமான 'பாட்டி' இருப்பாள். யார் சொன்னார்கள் என்பதையும் நோட்டில் குறித்து வையுங்கள்.

ஆயாவுக்குத் திரும்புகிறேன். தாயைக் குறிக்க ஆய் என்று பழந்தமிழில் ஒரு சொல் இருந்தது. சங்கப் பாடல்களில் என் தாய் யாய், உன் தாய் ஞாய். பாட்டியைக் குறிக்கும் ஆயா அந்தக் குடும்பத்தைச் சேர்ந்தது. வட மாவட்டங்களிலும் பாட்டியை ஆயா என்கிறார்கள். ஆனால் பள்ளிக்கூடத்து ஆயா வேறு. போர்த்துகீசிய மொழியில் குழந்தை வளர்க்கும் செவிலிக்கு 'ஐயா' என்று ஒரு சொல். அது இந்தியில் 'ஆயா' ஆகி, வெள்ளைக்காரர் வீடுகள் வழியாக நம்மிடம் வந்து சேர்ந்தது. ஓசை ஒன்றானாலும் வயிறு வேறு. பொறுக்குகிற ஒவ்வொரு சொல்லிலும் இந்தச் சந்தேகம் உங்களுக்கு வர வேண்டும்.

நோட்டில் எதை எழுதுவது

சொல்லை மட்டும் எழுதி வைத்தால் ஆறு மாதம் கழித்து ஒன்றும் புரியாது. அது வந்த வாக்கியத்தை அப்படியே எழுதுங்கள். சொன்னவரின் வயது, தொழில், ஊர், அப்போது கையில் என்ன வைத்திருந்தார் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். என் நோட்டில் ஒரு பக்கம் இப்படி இருக்கிறது: "ஊரணி. டீக்கடையில், மழை விட்ட மறுநாள். 'ஊரணி நெறஞ்சிருச்சுண்ணே, இனிமே கவலையில்ல.' சொன்னவர் லாரி ஓட்டுநர், ஐம்பது வயசு, கண்டனூர்."

காதில் விழுந்தபடி ஊரணி என்றுதான் முதலில் எழுத வேண்டும். திருத்தம் செய்வது பிறகு. எழுத்துத் தமிழில் அது ஊருணி. ஊர் உண்ணும் நீர், அதாவது ஊரே குடிக்கிற குளம். திருக்குறளில் ஒப்புரவறிதல் அதிகாரத்தில் இந்தச் சொல் வருகிறது. செட்டிநாட்டில் ஆறு பெரிதாக இல்லை, மழைதான் கதி. மழைத் தண்ணீரைக் கால்வாய் வெட்டி ஊருணிக்குக் கொண்டுவந்து, இறங்கப் படிக்கட்டு கட்டி வைத்திருப்பார்கள். வயலுக்குப் போகிற தண்ணீர் நிற்பது கண்மாய், பேச்சில் கம்மாய். வட மாவட்டக்காரர்கள் அதை ஏரி என்பார்கள். குடிக்கிற தண்ணீருக்கு ஒரு பெயர், பயிருக்குப் போகிற தண்ணீருக்கு வேறு பெயர் என்று பிரித்து வைத்திருக்கும் ஊரில், தண்ணீர் எவ்வளவு அருமை என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. அந்த ஓட்டுநரின் 'கவலையில்ல' என்ற சொல்லையும் சேர்த்து எழுதி வைத்திருந்ததால்தான் எனக்கு இது பிடிபட்டது.

செல்போனில் பதிவு செய்யலாம். கேட்டுக்கொண்டு செய்யுங்கள். பேசுகிறவருக்குத் தெரியாமல் பதிவு செய்து சேர்த்த சொல் எனக்கு வேண்டாம் என்று வைத்திருக்கிறேன்.

வீட்டை நடந்து பாருங்கள்

கானாடுகாத்தான், ஆத்தங்குடி, தேவகோட்டை, பள்ளத்தூர் எங்கே போனாலும் பெரிய வீடுகள் உண்டு. சிலவற்றைக் கட்டணம் வாங்கிக்கொண்டு காட்டுகிறார்கள். படம் எடுப்பதற்கு முன்னால், வாசலிலிருந்து கொல்லை வரை ஒரு முறை சும்மா நடந்து, ஒவ்வோர் இடத்துக்கும் பெயர் கேளுங்கள். திண்ணை, முகப்பு, வளவு, பட்டாலை, இரண்டாங்கட்டு, அடுப்படி. எந்தச் சொல் வீட்டில் எங்கே இருக்கிறது என்று ஒரு படம் வரைந்துகொண்டால் பாதி வேலை முடிந்தது.

இதில் எனக்கு மிகவும் பிடித்தது வளவு. நடுவில் வானம் தெரிய, சுற்றிலும் தூணும் தாழ்வாரமும் அறைகளுமாக இருக்கும் பகுதி அது. வளைத்துக் கட்டியது வளவு. யாழ்ப்பாணத்தில் வீட்டைச் சுற்றியுள்ள வேலி போட்ட நிலத்துக்கு வளவு என்று பெயர். சிங்களத்தில் பெரிய மனிதர்களின் மாளிகை 'வளவ்வ'. நடுவில் வெற்றிடம் விட்டுச் சுற்றிக் கட்டினால் இங்கே வளவு, வீட்டை நடுவில் விட்டுச் சுற்றி வேலி போட்டால் அங்கே வளவு. வளைப்பது மட்டும் மாறவில்லை.

பட்டாலை என்பது தாழ்வாரத்தை ஒட்டி உயர்த்திக் கட்டிய கூடம். பட்டகசாலை என்ற நீளமான சொல் அகராதியில் இருக்கிறது, வீட்டின் கூடம் என்று பொருள். வாயில் உருண்டு உருண்டு பட்டாலை ஆகிவிட்டது. ஒரு நாளைக்கு நாற்பது தடவை சொல்கிற சொல் தேயத்தான் செய்யும்.

அதே வீட்டில் ஜன்னல், அலமாரி, சாவி, மேசை என்று நான்கு போர்த்துகீசியச் சொற்கள் இருப்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள். அவை வந்து சில நூற்றாண்டுகள் ஆகின்றன. இப்போது யாரும் அவற்றை அந்நியம் என்று நினைப்பதில்லை, நினைக்கவும் வேண்டாம்.

அடுப்படியில் கற்றுக்கொள்வது

இங்கே அவசரப்படாதீர்கள். என் ஐந்து நோட்டில் ஒன்றரை நோட்டு அடுப்படிச் சொற்கள்தான்.

வந்த புதிதில் ஒரு வீட்டில் சாப்பிடக் கூப்பிட்டார்கள். "வெண்டைக்காய் மண்டி வச்சிருக்கு" என்றார் ஆச்சி. மண்டி என்றால் எனக்குத் தெரிந்தது வெங்காய மண்டியும் நெல் மண்டியும். இலையில் வந்தது, புளிப்பும் காரமுமாக, குழம்பும் இல்லாமல் கூட்டும் இல்லாமல் நடுவில் ஒன்று. எப்படிச் செய்வது என்று கேட்டேன். "நாளைக்குக் காலையில வாங்க, பார்த்துட்டுப் போங்க" என்றார்.

போனேன். பச்சரிசியை முதல் தடவை கழுவி, அந்தத் தண்ணீரைக் கீழே ஊற்றினார். இரண்டாம் தடவை நன்றாகத் தேய்த்துக் கழுவினார். தண்ணீர் பால் மாதிரி ஆனது. அதை ஒரு பாத்திரத்தில் வடித்து, "இதுதான் மண்டி" என்றார். அதிலேயே புளியை ஊறப் போட்டார். சின்ன வெங்காயம், பூண்டு, பச்சை மிளகாய் தாளித்து, வெண்டைக்காயை வதக்கி, புளி கரைத்த அந்தத் தண்ணீரை ஊற்றினார். கொதிக்கக் கொதிக்க அரிசியின் மாவு இறுகி, சாறு தானாகக் கெட்டியானது. பாத்திரத்தைச் சாய்த்து அடியில் படிந்திருந்த வெள்ளை வண்டலை விரலால் தொட்டுக் காட்டினார். அகராதியில் மண்டி என்பதற்கு அடியில் படியும் வண்டல் என்று ஒரு பொருள் இருக்கிறது. நான் அதைப் படித்தது பின்னால். அந்த விரலைத்தான் முதலில் பார்த்தேன்.

வெங்காய மண்டி இந்தியிலிருந்து வந்தது. அங்கே மண்டி என்றால் சந்தை. 'புதர் மண்டிக் கிடக்கிறது' என்பதில் உள்ள மண்டு என்ற வினையோ, நெருங்கிச் சேர்வதைக் குறிக்கிறது. வண்டலும் அப்படிச் சேர்வதுதானே. வடக்கிலிருந்து வந்த மண்டியும் நம் மண்டியும் ஒரே ஊரில், ஒரே கடைத்தெருவில் எதிரெதிரே இருக்கின்றன. பேசுகிறவர்கள் ஒருநாளும் குழம்புவதில்லை.

அடுத்தது கும்மாயம். உளுந்து, பாசிப்பருப்பு, கொஞ்சம் பச்சரிசி இவற்றை வறுத்து மாவாக்கி, நெய்யில் வறுத்து, கருப்பட்டியோ வெல்லமோ கரைத்து ஊற்றிக் கிண்டுவது. ஆடி மாதத்தில் செய்வதால் ஆடிக் கும்மாயம் என்பார்கள். தமிழ்நாட்டின் மற்ற பகுதிகளில் இந்தப் பெயரைச் சொன்னால் பலருக்குத் தெரியாது. ஆனால் மணிமேகலையில் இருக்கிறது இந்தச் சொல். அங்கே அது பயற்றைக் குழைய ஆக்கியது. ஆயிரம் ஆண்டுக்கு மேலாக ஒரு சொல், பருப்பை விட்டு நகராமல், ஏட்டிலிருந்து வாணலி வரைக்கும் வந்திருக்கிறது. முதல் தடவை இது தெரிந்தபோது அன்று முழுக்க எனக்கு வேலை ஓடவில்லை.

மாலையில் காபியோடு தருவது இடைப்பலகாரம். பலகாரம் என்பது வடமொழியின் பலாகாரம், அதாவது பழ உணவு. விரத நாளில் சோறு தவிர்த்துச் சாப்பிடும் எளிய உணவைக் குறித்த சொல், இப்போது நெய்யில் பொரித்த பணியாரத்தையும் தேன்குழலையும் சீப்புச் சீடையையும் குறிக்கிறது. சொற்களும் கொழுக்கும்.

ரங்கூன் புட்டு, கவுனி அரிசி என்ற பெயர்களையும் இங்கேதான் கேட்பீர்கள். ரவையில் செய்யும் இனிப்புப் புட்டுக்கு ஒரு பர்மா நகரத்தின் பெயர். கறுப்பாக, ஒட்டும் தன்மையோடு இருக்கும் கவுனி அரிசியும் பர்மாத் தொடர்பில் வந்ததாகவே வீடுகளில் சொல்கிறார்கள். இதை யாரிடம் கேட்டாலும் பேச்சு அரிசியில் நிற்காது, தாத்தா ரங்கூனில் இருந்த கதைக்குப் போய்விடும். 1942இல் ஜப்பான் படை வந்தபோது கிளம்பியவர்களின் கதை வரும். குறுக்கே பேசாமல் கேளுங்கள்.

முனீஸ்வரன் கோயில் தெருவுக்குப் போங்கள்

காரைக்குடியில் பழம்பொருள் கடைகள் வரிசையாக இருக்கும் தெரு இது. பழைய வீடுகளிலிருந்து வெளியே வந்த சாமான்கள் தரையிலிருந்து கூரை வரைக்கும் அடுக்கியிருக்கும். வாங்க வேண்டும் என்பதில்லை, ஆனால் கூட்டம் இல்லாத நேரமாகப் போங்கள். ஒவ்வொன்றையும் காட்டி, "இதுக்கு என்ன பேரு?" என்று கேட்டால் போதும்.

மரவை என்பார்கள், மரத்தில் கடைந்த பாத்திரம். ஊறுகாயும் புளித்த பண்டமும் உலோகத்தில் வைத்தால் கெடும் என்பதால் மரம். பெயரிலேயே மரம் இருக்கிறது, சிரமமே இல்லை. பக்கத்தில் எனாமல் பூசிய தட்டும் தூக்கும் அடுக்கும் இருக்கும். அதற்கு மங்குச் சாமான் என்று பெயர். மங்கிப் போனதால் மங்கு என்று ஒருவர் எனக்கு விளக்கம் சொன்னார். புதிதாகப் பளபளவென்று இருக்கும்போதும் அது மங்குதான் என்பதால் எனக்கு அது ஒப்பவில்லை. மலாய் மொழியில் கிண்ணத்துக்கு 'மங்கோக்' என்று பெயர். சாமானும் கப்பலில் வந்தது, பெயரும் அதோடு வந்தது. பீங்கானும் அப்படிப் பயணம் செய்த சொல்தான், பாரசீகத்திலும் மலாயிலும் 'பிங்கான்' உண்டு.

போக்கு ஒரு பக்கம் மட்டும் இல்லை. மலாய்க்காரர்கள் கடையைக் 'கெடாய்' என்கிறார்கள். கப்பல் 'காப்பல்', வியாபாரத்துக்குப் போடும் முதல் 'மோடல்', பெட்டி 'பெத்தி'. இவை செட்டிநாட்டார் பினாங்கிலும் சிங்கப்பூரிலும் கடை வைப்பதற்குப் பல காலம் முந்தியே அங்கே போய்ச் சேர்ந்தவை. ஆகவே எல்லாவற்றுக்கும் நகரத்தாரே காரணம் என்று எழுதிவிடாதீர்கள். கிடங்கு என்ற சொல்லின் கதை இன்னும் அழகானது. அது மலாயில் 'கூடாங்' ஆகி, ஆங்கிலத்தில் 'கோடவுன்' ஆகி, நம்மிடமே குடோன் என்று திரும்பி வந்தது. சிங்கப்பூர் மார்க்கெட் ஸ்ட்ரீட்டில் செட்டியார்கள் தங்கித் தொழில் நடத்திய நீளமான கடைவீடுகளுக்குக் கிட்டங்கி என்றே பெயர். பினாங்கில் பிறந்து இங்கே திரும்பிய ஒருவர், "மலாய் படிக்கிறப்ப பாதி வார்த்தை வீட்லயே இருந்துச்சு தம்பி" என்று என்னிடம் சொன்னார்.

கணக்குப் புத்தகத்தின் சொற்கள்

யாராவது பழைய கணக்கு ஏடு வைத்திருந்தால், காட்ட விருப்பமா என்று பணிவாகக் கேளுங்கள். தொகைகளைப் பார்க்காதீர்கள், தலைப்புகளைப் பாருங்கள். வரவு, பற்று, வட்டி, தவணை, உண்டியல், மகமை.

உண்டியல் என்றால் நமக்குக் கோயிலில் காசு போடும் பெட்டி. இந்த ஏட்டில் உண்டியல் ஒரு காகிதம். ரங்கூனில் ஒருவர் எழுதிக் கொடுத்தால் சென்னையில் இன்னொருவர் பணம் கொடுக்கும் ஓலை. விலாசம் என்றால் நமக்கு முகவரி. இங்கே அது ஒரு குடும்பத் தொழிலின் முன்னெழுத்துக்கள். பெயருக்கு முன்னால் மூன்று நான்கு எழுத்துகள் வரிசையாக நிற்குமே, அதுதான். அந்த எழுத்துகளைப் பார்த்தே கடல் தாண்டி நம்பிக் கடன் கொடுத்திருக்கிறார்கள். யோசித்துப் பார்த்தால், ஒரு மனிதரை எங்கே தேடிப் பிடிக்கலாம் என்று சொல்வது இரண்டுமேதான்.

லேவாதேவி என்ற சொல் வடக்கே உள்ள மொழிகளிலிருந்து வந்தது. அங்கே 'லே' என்றால் வாங்கு, 'தே' என்றால் கொடு. நம் கொடுக்கல் வாங்கலை அப்படியே தலைகீழாக்கினால் லேவாதேவி. பாக்கி, வசூல் இரண்டும் அரபியில் பிறந்தவை. குமாஸ்தா பாரசீகம். சால்ஜாப்பு என்பது சவால் ஜவாப், அதாவது கேள்வியும் பதிலும். கடன் கேட்கப் போன இடத்தில் கிடைத்த பதில்களைப் பார்த்துத்தான் அந்தச் சொல் இந்தப் பொருளுக்கு வந்திருக்கும் என்பது என் ஊகம். துட்டு என்பது டச்சுக்காரர்களின் 'டொய்ட்' என்ற சின்னச் செப்புக் காசு. மலாயிலும் பணத்துக்கு 'டுயிட்' என்றே சொல்கிறார்கள். ஒரே காசு இரண்டு கரையில் உருண்டிருக்கிறது.

புள்ளி என்ற சொல்லைத் தனியாகச் சொல்ல வேண்டும். நகரத்தாரில் கல்யாணமான ஒவ்வொரு தம்பதியும் ஒரு புள்ளி. அவர்களின் ஒன்பது கோயில்களில் கணக்கு எடுப்பது புள்ளி வைத்துத்தான். அதற்குக் கட்டுவது புள்ளி வரி. துணையை இழந்தவர் அரைப்புள்ளி. கல்யாணமான கையோடு, ஒரே பெரிய வீட்டுக்குள் தனி அடுப்பு வைத்துத் தனிக் கணக்கு எழுதுவது வேறு வைப்பது. 'வேறு வைத்துவிட்டார்கள்' என்று கேட்டதும் சண்டை என்று நினைத்துவிடாதீர்கள், இங்கே அது முறை. அரைப்புள்ளி என்ற சொல்லை நான் நோட்டில் எழுதியபோது கை கொஞ்சம் நின்றது. அழகான சொற்களை மட்டும் பொறுக்கினால் அது உண்மையான நோட்டு ஆகாது.

கேட்ட கதையைச் சோதிப்பது

இதுதான் கடினமான படி. எந்தச் சொல்லைக் கேட்டாலும் யாராவது ஒரு கதை வைத்திருப்பார்கள். கதை அழகாக இருக்கும். அழகாக இருப்பதாலேயே நம்பிவிடக் கூடாது.

காரைக்குடியையே எடுத்துக்கொள்ளுங்கள். காரைச் செடி மண்டிக் கிடந்த இடம் என்று ஒரு விளக்கம். சுண்ணாம்புக் காரை பூசிய வீடுகள் நிறைந்த ஊர் என்று இன்னொன்று. நான் முதலாவதன் பக்கம். சுற்றியுள்ள ஊர்ப்பெயர்களைச் சொல்லிப் பாருங்கள்: ஆலங்குடி, இலுப்பைக்குடி. தெற்கே போனால் புளியங்குடி. மரத்தின் பெயரோடு குடி சேர்வது இந்த நாட்டு வழக்கம். பூச்சுவேலையின் பெயரில் இப்படி ஒரு வரிசை எனக்குக் கிடைக்கவில்லை. தனியாக நிற்கிற விளக்கத்தைவிடக் கூட்டமாக வருகிற விளக்கத்தை நம்பலாம்.

பேரேடு என்பதில் பேர் என்பது 'பெரிய' என்றும் இருக்கலாம், 'பெயர்' என்றும் இருக்கலாம். இலக்கணம் இரண்டுக்கும் இடம் கொடுக்கிறது. ஏட்டைத் திறந்து பார்த்தால் ஆளுக்கு ஒரு பக்கம், மேலே அவர் பெயர். நாள்வாரியாக எழுதுவது நாளேடு என்றால், பேர்வாரியாக எழுதுவது பேரேடு. நான் அப்படித்தான் கொள்கிறேன். கல்யாணத்தில் இரு வீட்டாரும் எழுதிக்கொள்ளும் ஒப்பந்தத்தை இசைகுடிமானம் என்பார்கள். இசைவு பிடிமானம் என்பதே இப்படித் திரிந்தது என்று பெரியவர்கள் சொல்கிறார்கள். சம்மதமும் உறுதியும் எழுதுகிற காகிதத்துக்கு அது பொருந்துகிறது, கல்யாண வீட்டின் காது அதைக் குடியாக்கிக்கொண்டது.

அகராதி என்று பார்த்தால், சென்னைப் பல்கலைக்கழகத்தின் தமிழ் லெக்சிகன் கட்டாயம். 1924 முதல் 1936 வரை ஆறு தொகுதிகளாக வந்தது, 1939இல் பின்னிணைப்பு. லட்சத்துக்கு மேல் சொற்கள். இணையத்தில் இலவசமாகத் தேடலாம். அதில் ஒரு சொல் பிறமொழியிலிருந்து வந்திருந்தால் பெரும்பாலும் குறித்திருப்பார்கள். பர்ரோவும் எமனோவும் செய்த திராவிட வேர்ச்சொல் அகராதி, 1984இல் வந்த இரண்டாம் பதிப்பு, கன்னடம் தெலுங்கு மலையாளத்தில் அதே சொல்லுக்கு உறவு உண்டா என்று காட்டும். உறவு இருந்தால் சொல் நம் வீட்டுப் பிள்ளை என்று ஓரளவு தைரியமாகச் சொல்லலாம். லெக்சிகனில் இல்லை என்றால் அந்தச் சொல் இல்லை என்று ஆகாது. உங்கள் நோட்டுக்கு வேலை அங்கேதான் தொடங்குகிறது.

பழைய கல்யாணப் பத்திரிகை, நாடக நோட்டீஸ், கடைச் சிட்டை எதையும் தூக்கிப் போடாதீர்கள். கோட்டையூர் ரோஜா முத்தையா அப்படிச் சேர்த்தவர். அவர் சேகரிப்பில்தான் சென்னையில் 1994இல் அவர் பெயரிலேயே ஒரு நூலகம் உருவானது. பேச்சுச் சொல் அச்சுக்கு ஏறிய முதல் இடம் பல நேரம் அப்படி ஒரு துண்டுத் தாளாகத்தான் இருக்கும்.

சொல்லாமல் விடுவதையும் கேளுங்கள்

வீட்டில் விளக்கை அணை என்று சொல்ல மாட்டார்கள், குளிர வை என்பார்கள். அரிசி தீர்ந்துபோச்சு என்று சொல்லாமல், நிறைஞ்சிருக்கு என்பார்கள். நெல் அளக்கும்போது ஒன்று என்று தொடங்காமல் லாபம் என்று தொடங்குவார்கள். தமிழ்நாடு முழுக்க இருக்கும் வழக்கம்தான், நன்னூல் இதை மங்கலம் என்று வகைப்படுத்தி வைத்திருக்கிறது. ஆனால் வியாபாரத்தில் வாழ்ந்த ஊரில் இது கூடுதலாகக் காதில் விழும். கிளம்பும்போது நீங்களும் 'போறேன்' என்று சொல்லாதீர்கள். 'வர்றேன்' என்று சொல்லுங்கள்.

கேட்கும் முறை

அளந்துகொண்டிருப்பவரிடமும் எண்ணிக்கொண்டிருப்பவரிடமும் கேள்வி கேட்கக் கூடாது. துக்க வீட்டில் நோட்டை வெளியே எடுக்கக் கூடாது. அங்கே காதில் விழுந்தது மனதில் நின்றால் போதும். யாருடைய பேச்சையும் திருத்தாதீர்கள். நீங்கள் ஊருணி என்று திருத்தினால் அவர் அடுத்த தடவை உங்களிடம் எழுத்துத் தமிழில் பேசுவார், உங்களுக்குக் கிடைக்க வேண்டியது கிடைக்காது. 'இதுக்கு அர்த்தம் என்ன?' என்று கேட்பதைவிட 'இதை எப்படிச் செய்வீங்க?', 'இதை எங்கே வைப்பீங்க?' என்று கேட்டால் பத்து மடங்கு பதில் வரும்.

கடைசியாக ஒன்று. எழுதியதைச் சொன்னவரிடமே படித்துக் காட்டுங்கள். நான் மண்டியைப் பற்றி எழுதிய பக்கத்தை அந்த ஆச்சிக்கு வாசித்துக் காட்டினேன். கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தவர், இரண்டாம் கழுவல் என்ற இடத்தில் நிறுத்தினார். "மொதக் கழுவல கீழ ஊத்தினதா எழுதியிருக்கீங்களே தம்பி. அது கீழ ஊத்தல, மாட்டுக்கு ஊத்தினேன். கழனித் தொட்டியப் பார்க்கலையா நீங்க?" என்றார். கழனித் தொட்டி என்று அடுத்த வரியில் எழுதினேன்.